செஸ்னா 172: கைக்கு நல்ல வாத்தியார், காலுக்குச் செல்லம் கொடுக்கும் பாட்டி

சி.பி.எல். (சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸ்) படிக்கப் போகிறேன் என்று கிளம்புகிற பிள்ளைகளும், அவர்களைவிடப் பதற்றமாக இருக்கும் அவர்களுடைய அப்பாக்களும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த விமானத்துல கத்துக்கிட்டா நல்லது?" என்பதுதான். நான் பெரிய ஆள் இல்லை. பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் என் லாக் புக்கில் இன்றைய தேதிக்கு 90 மணி நேரம் இருக்கிறது, அதில் 80-க்கு மேல் செஸ்னா 172 எஸ் மாடலில், மிச்சம் அதன் தம்பி 152-இல். 200 மணி நேரம் முடித்தால்தான் டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) லைசென்ஸ் தரும் என்பதால் இன்னும் பாதி வழிகூட வரவில்லை. ஆனாலும் ஒரு மிக்ஸிக்கே மூன்று பக்கம் விமர்சனம் எழுதுகிறார்கள், மணிக்கணக்கில் காசு கட்டி ஓட்டிய வண்டியைப் பற்றி நான் எழுதக் கூடாதா என்ன.

முதலில் பூர்வீகம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1955-இல் முதன்முதலாகப் பறந்தது. 1986-இல் தயாரிப்பை நிறுத்தி, பத்து வருடம் கழித்து மறுபடி ஆரம்பித்தார்கள். இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள், உலகத்தில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் வந்ததில்லை. 1958 டிசம்பரில் லாஸ் வேகாஸில் இரண்டு பேர் ஒரு 172-ஐ எடுத்துக்கொண்டு கிளம்பி, கீழே ஓடும் லாரியிலிருந்து குழாய் வழியாக எரிபொருள் ஏற்றிக்கொண்டே 64 நாள் தரையில் சக்கரம் படாமல் சுற்றினார்கள், அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. 1987-இல் மத்தியாஸ் ரஸ்ட் என்ற 18 வயது ஜெர்மன் பையன், கொஞ்ச நேர அனுபவத்தை வைத்துக்கொண்டு, ஹெல்சின்கியிலிருந்து நேராக மாஸ்கோ போய்ச் சிவப்புச் சதுக்கத்தை ஒட்டி இறக்கியதும் இதே வண்டியைத்தான். அவ்வளவு சாது. எனக்கு இருக்கும் ஒரே மனத்தாங்கலும் இந்தச் சாதுத்தனம்தான், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வண்டியைச் சுற்றி ஒரு வலம். தினமும் பறப்பதற்கு முன் 20 நிமிடம் இதைச் செய்தாக வேண்டும், இந்த வலம்தான் எனக்குப் புத்தகத்தைவிட அதிகம் சொல்லிக்கொடுத்தது. ஏனென்றால் 172-இல் எதுவும் ஒளிந்திருக்காது. யோக்கிலிருந்து (விமானத்தின் ஸ்டீயரிங்) ஸ்டீல் கேபிள் போகிறது, கப்பியில் திரும்புகிறது, இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடான ஏலெரானை இழுக்கிறது, அவ்வளவுதான். கிணற்றில் ராட்டினத்தில் வாளி இறக்கியவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. நடுவில் மோட்டாரோ கம்ப்யூட்டரோ கிடையாது, காற்று அங்கே தள்ளினால் இங்கே கையில் தெரியும். இறக்கையின் ஓரத்தில் ஏலெரானைக் கையால் தூக்கிப் பாருங்கள், மறுபக்கத்து ஏலெரான் இறங்கும். இரண்டும் ஒரே அளவு நகர்வதில்லை என்பதைக் கவனிக்கவே எனக்குப் பத்து நாள் ஆனது: மேலே 20 டிகிரி போகும், கீழே 15 டிகிரிதான். ஏன் என்பது கீழே வரும்.

உள்ளே உட்கார்ந்து யோக்கைத் திருப்பிச் சரிபார்க்கும்போது ஒரு சுலபமான வழி இருக்கிறது. இரண்டு கட்டைவிரலையும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும், விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து ஏலெரான் மேலே எழுந்திருக்க வேண்டும். அசைகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பணிமனையில் கேபிளை மாற்றிப் பூட்டி, இடது வலதாகி விபத்தான சம்பவங்கள் உலகத்தில் உண்டு, அதனால் சரியான திசையில் அசைகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

ஸ்டால் (இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது, விவரம் கீழே வரும்) எச்சரிக்கை ஹாரன் எனக்கு ரொம்பப் பிடித்த சமாச்சாரம். இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை, உள்ளே நாதஸ்வரச் சீவாளி மாதிரி ஒரு நாக்கு. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடக் கூட அந்த ஓட்டை இருக்கும் இடத்தில் அழுத்தம் குறைந்து, உள்ளிருந்து காற்றை உறிஞ்சும், சீவாளி ஊதும். கரண்டே வேண்டாம். தரையில் சோதிக்க, சுத்தமான கைக்குட்டையை ஓட்டையில் வைத்து வாயால் உறிஞ்ச வேண்டும். முதல் நாள் நான் உறிஞ்சாமல் ஊதினேன், சத்தமே வரவில்லை, ஹாரன் கெட்டுப்போச்சு சார் என்று ஓடிப் போய்ச் சொன்னேன். எங்கள் இன்ஸ்ட்ரக்டர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், நாகர்கோவில்காரர். நான் பறக்கக் கற்கும் வட இந்தியப் பள்ளியில் எனக்குக் கிடைத்த ஒரே தமிழ்க் குரல். "மக்கா, நீ என்ன திருவிழாவுக்கா வந்த, ஊதுறதுக்கு?" என்றார்.

குறை என்று பார்த்தால், உயரமான இறக்கையால் வருவதுதான் முதல் குறை. நான் ஐந்தடி எட்டு, இறக்கையின் பின்விளிம்பு சரியாக நெற்றி மட்டத்துக்கு வருகிறது. வலம் வரும் அவசரத்தில் இடித்துக்கொண்டு, நடுநெற்றியில் பொட்டு வைத்த மாதிரி ஒரு வாரம் சுற்றினேன். இது உலகம் முழுக்க செஸ்னா மாணவர்கள் வாங்கும் பச்சை என்று அப்புறம்தான் தெரிந்தது. பறக்கும்போதும் அதே தொல்லை. எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்தப் பக்கத்து இறக்கை இறங்கி, பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்துவிடும், அதனால் திரும்புவதற்கு முன் இறக்கையை ஒருதரம் தூக்கிப் பார்க்கப் பழக வேண்டும். அதற்குப் பதிலாகக் கீழே ஊர், வயல், குளம் எல்லாம் தடையில்லாமல் தெரியும். இன்னொன்று, சீட். செஸ்னாவின் சீட் தண்டவாளத்தில் நகரும் வகை. பூட்டு சரியாக விழாமல் டேக் ஆஃப் நேரத்தில் சீட் பின்னால் ஓடினால், கையில் இருக்கும் யோக்கையும் சேர்த்து இழுத்துவிடுவோம். இதற்காகவே அமெரிக்க விமானத் துறை 1987-இல் கட்டாயச் சோதனை உத்தரவு போட்டது. உட்கார்ந்ததும் முன்னும் பின்னும் ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் சிரித்தாலும் பரவாயில்லை.

சரி, பறக்கிற விஷயத்துக்கு வருவோம். இறக்கை எப்படித் தூக்குகிறது? நான் டெக்னிக்கல் ஜெனரல் பேப்பருக்குச் சேர்ந்த கோச்சிங் சென்டர் நோட்ஸில் (பெயர் வேண்டாம்) இப்படி அச்சடித்திருந்தது: இறக்கையின் மேல்பக்கம் வளைவு, வழி நீளம், அதனால் மேலே போகிற காற்று கீழே போகிற காற்றோடு பின்விளிம்பில் போய்ச் சேர்ந்துகொள்ள வேகமாக ஓடுகிறது, வேகம் கூடினால் அழுத்தம் குறைகிறது. கேட்கிறதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு காற்றுக்கும் பின்விளிம்பில் சந்திக்க வேண்டும் என்று யார் நாள் குறித்துக் கொடுத்தது? உண்மையில் மேலே போவது முன்னாடியே போய்ச் சேர்ந்துவிடுகிறது, கீழே வருவதற்காகக் காத்திருப்பதில்லை. வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்ற பகுதி சரி, வேகம் ஏன் கூடுகிறது என்பதற்குச் சொன்ன காரணம்தான் கதை. அந்தக் கதை நிஜமானால் விமானம் தலைகீழாகப் பறக்கவே முடியாது, ஆனால் பறக்கிறது.

எனக்கு இது புரிந்தது ப்ளைவுட்டில். எங்கள் அப்பாவுக்குத் திண்டுக்கல்லில் சின்னக் கடை, பத்தாவது படிக்கும்போது டிவிஎஸ் 50-இல் பின்னால் உட்கார்ந்து ப்ளைவுட் பலகையைத் தலைக்கு மேல் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு போவது என் வேலை. பலகை மட்டமாக இருக்கும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. முன் விளிம்பு இரண்டு விரல் உயர்ந்தால் போதும், தோள் கழன்றுவிடும் போல் தூக்கும். இன்னும் உயர்த்தினால் தூக்குவது நின்றுபோய்ப் பின்னால் தள்ளும், வண்டி தள்ளாடும், அப்பா திட்டுவார். பலகையில் வளைவு ஏது? காற்றைக் கீழே திருப்பி விடுகிறோம், அது நம்மை மேலே தள்ளுகிறது. வளைவு இருந்தால் அதே வேலை இன்னும் சுத்தமாக, குறைந்த இழுவையோடு நடக்கும். 172-இன் இறக்கை நாகா 2412 என்ற வடிவம், அந்த நான்கு எண்ணிலேயே ஜாதகம் இருக்கிறது: வளைவு நாணின் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை போகும் நேர்கோடு) நீளத்தில் 2 சதவீதம், அது அதிகபட்சமாக இருக்கும் இடம் முன்னாலிருந்து 40 சதவீதத்தில், தடிமன் 12 சதவீதம். தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கு என்றால் தூக்குவது நான்கு மடங்கு. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொன்ன ஆளுக்கு இந்த வர்க்கக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

பலகையை ரொம்பத் தூக்கினால் நடந்ததுதான் ஸ்டால். புதிதாக வருகிறவர்கள் ஸ்டால் என்றால் இன்ஜின் நின்றுபோவது என்று நினைக்கிறார்கள், காரில் அப்படித்தானே சொல்கிறோம். இங்கே இன்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் சுமார் 15, 16 டிகிரியைத் தாண்டினால், மேல்பக்கக் காற்று ஒட்டிக்கொண்டு போக முடியாமல் பிய்ந்துவிடும். கோணம்தான் கணக்கு. வேகம் ஒரு அடையாளம், அவ்வளவே. 172 எஸ் கையேட்டில் ஸ்டால் வேகம் ஃபிளாப் (இறங்கும்போது இறக்கையின் பின்னால் கீழே விடும் தகடு) இல்லாமல் 48 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) என்று போட்டிருக்கும், அது நேராகப் பறக்கும்போது. உயரம் விடாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் விமானத்தின் எடை இரண்டு மடங்கு மாதிரி ஆகிவிடும், அப்போது அதே ஸ்டால் 68 நாட்டில் வரும். 68 என்பது நாம் இறங்க வரும் வேகத்தில் இருக்கிற எண். தரைக்குப் பக்கத்தில், ஓடுதளத்தைத் தாண்டிப் போய்விட்டோம் என்று அவசரமாகச் சாய்த்து இழுக்கிறவர்கள் ஏன் விழுகிறார்கள் என்பது இந்த இரண்டு எண்ணில் இருக்கிறது.

172-இன் ஸ்டால் எப்படி? உண்மையைச் சொன்னால், ஏமாற்றமாக இருக்கும். என் முதல் ஸ்டாலுக்கு முந்தின இரவு தூங்கவில்லை. 4000 அடியில் த்ராட்டிலை (இன்ஜின் பவர் கைப்பிடி) மூடி, மூக்கைத் தூக்கிக்கொண்டே போனேன். வேகம் குறையக் குறையக் காற்றுச் சத்தம் அடங்கியது, யோக் வயிற்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, தொளதொளவென்று உயிரில்லாமல் இருந்தது, சீவாளி முனக ஆரம்பித்து அழுகையாக மாறியது, வால் பக்கம் மண் ரோட்டில் போகிற மாதிரி ஒரு அதிர்வு, அப்புறம் மூக்கு தானாகக் குனிந்தது. அவ்வளவுதான். தூங்கி விழுகிற தாத்தாவின் தலை மாதிரி. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் மறுபடி பறக்க ஆரம்பித்துவிட்டது. காரணம் இறக்கையின் முறுக்கு. உடம்போடு சேரும் இடத்தில் கோணம் அதிகமாகவும், நுனியில் 3 டிகிரி குறைவாகவும் வைத்திருக்கிறார்கள். அதனால் ஸ்டால் உள்பக்கம் முதலில் வரும், நுனியில் இருக்கும் ஏலெரானுக்குக் கடைசிவரை கொஞ்சம் உயிர் இருக்கும், உள்பக்கம் பிய்ந்த காற்று வாலில் அடித்து நம்மை எழுப்பிவிடும். அருமையான வடிவமைப்பு, இதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

ஆனால் இந்த அருமைதான் காலைக் கெடுக்கிறது. இடதுபக்கம் திரும்ப யோக்கை இடதுபக்கம் திருப்புகிறோம். வலது ஏலெரான் இறங்குகிறது, வலது இறக்கை அதிகம் தூக்குகிறது. தூக்குவதற்கு விலை உண்டு, அதிகம் தூக்கும் இறக்கைக்கு இழுவையும் அதிகம், ஆகவே அந்த இறக்கை பின்னால் இழுபட்டு, நாம் இடதுபக்கம் போக நினைக்கும்போது மூக்கு வலதுபக்கம் நழுவும். இதைச் சரிக்கட்டத்தான் கால் பெடலால் அசையும் வால் தகடான ரடர், இடது காலை அமுக்க வேண்டும். ரடர் விமானத்தைத் திருப்புவதற்கு இல்லை, சாய்ந்த இறக்கைதான் திருப்புகிறது, ரடர் மூக்கை ஒழுங்காக வைப்பதற்கு. இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் செஸ்னாக்காரர்கள் ஏலெரானை மேலே அதிகமும் கீழே குறைவும் போகிற மாதிரி வைத்தார்கள். போதாததற்கு, மேலே எழும் ஏலெரானின் மூக்கு இறக்கைக்குக் கீழே துருத்திக்கொண்டு அந்தப் பக்கத்திலும் கொஞ்சம் இழுவையை உண்டாக்கும். விளைவு, 100 நாட்டில் சும்மா யோக்கை மட்டும் திருப்பினாலே வண்டி கார் மாதிரி திரும்புகிறது. காலை மடக்கி வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றலாம். நானும் 15 மணி நேரம் அப்படித்தான் சுற்றினேன், நன்றாக ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு.

பந்து மட்டும் பொய் சொல்லாது. வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்னக் கறுப்புப் பந்து, மூக்கு ஒழுங்காக இருந்தால் நடுவில் நிற்கும், இல்லாவிட்டால் ஓரத்துக்கு ஓடும், எந்தப் பக்கம் ஓடியதோ அந்தக் காலை மிதிக்க வேண்டும். (எங்கள் பள்ளியில் ஒரு விமானத்தில் ஜி1000 என்ற கம்ப்யூட்டர் திரை, அதில் பந்துக்குப் பதில் முக்கோணத்துக்குக் கீழே ஒரு பட்டை. எனக்கு பழைய பந்துதான் சட்டென்று கண்ணில் படுகிறது.) டேக் ஆஃபிலும் ஏற்றத்திலும் இது இன்னும் மோசம். ப்ரொபெல்லர் நம் இருக்கையிலிருந்து பார்த்தால் வலச்சுற்றாகச் சுற்றுகிறது. அது அனுப்பும் காற்று உடம்பைச் சுற்றித் திருகிக்கொண்டு வந்து வாலின் இடது பக்கத்தில் அடிக்கிறது. மூக்கு தூக்கியிருக்கும்போது கீழே இறங்கும் வலது பக்க இலை காற்றை அதிகமாகக் கடிக்கிறது. எல்லாம் சேர்ந்து மூக்கை இடதுபக்கம் தள்ளும். எனவே முழு பவர், குறைந்த வேகம் என்றால் வலது கால். இன்ஸ்ட்ரக்டர் இதை என்னிடம் எத்தனை தடவை சொன்னார் என்பதற்குக் கணக்கே இல்லை. "மக்கா, வலது காலை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?" என்பதில் ஆரம்பித்து, கடைசியில் வாயே திறக்காமல் என் வலது முட்டியில் பேனாவால் தட்டுவதில் வந்து நின்றது.

இதற்கு நான் கட்டிய விலை 18-ஆவது மணி நேரத்தில் வந்தது. முழு பவரோடு ஸ்டால் பயிற்சி. மூக்கு வானத்தைப் பார்க்கிறது, வலது கால் வழக்கம்போல ஓய்வில், பந்து வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. ஸ்டால் வந்ததும் இந்தத் தடவை தாத்தா தலை குனியவில்லை. இடது இறக்கை பொத்தென்று விழுந்தது. பைக்கில் சாய்ந்தால் எதிர்ப்பக்கம் திருப்புகிற அனிச்சையில் யோக்கை வலதுபக்கம் முழுக்கத் திருப்பினேன். அதுதான் செய்யக் கூடாதது. வலதுபக்கம் திருப்பினால் இடது ஏலெரான் கீழே இறங்கும், ஏற்கெனவே கோணம் தாண்டி மூச்சுத் திணறும் இறக்கைக்கு இன்னும் கோணத்தைக் கூட்டும். ஜன்னலில் வயல் சுழல ஆரம்பித்தது. சார் த்ராட்டிலை இழுத்து, என் கையை யோக்கிலிருந்து தட்டிவிட்டு, வலது பெடலை முழுக்க மிதித்து, யோக்கை முன்னால் தள்ளினார். முக்கால் சுற்றுகூட ஆகவில்லை. எனக்கு ஒரு மணி நேரம் மாதிரி இருந்தது. தரைக்கு வந்த பிறகு டீ வாங்கிக் கொடுத்து, "வண்டி மேல தப்பு இல்ல. அது இவ்வளவு நாளா உன் கால் தப்ப மூடி மறைச்சிச்சு, இன்னைக்கு மறைக்க முடியல" என்றார். குறைந்த எடையில் 172-ஐ வேண்டுமென்றே ஸ்பின் (ஸ்டாலாகிச் சுழன்றுகொண்டே விழுவது) செய்யக் கையேடே அனுமதிக்கிறது. ஆனால் அதைச் சுழலில் பிடித்து வைப்பதே கஷ்டம், தானாக வெளியே வந்து சுருள் பாய்ச்சலாகிவிடும். அவ்வளவு நல்ல வண்டியையும் நான் புரட்டப் பார்த்தேன்.

அதன் பிறகு எனக்கு மருந்து மாதிரி வேலை செய்தது மெதுவாகப் பறக்கும் பயிற்சி. 55 நாட்டில், ஹாரன் விட்டு விட்டு முனகிக்கொண்டிருக்க, உயரம் மாறாமல் இடது வலது என்று திரும்ப வேண்டும். அந்த வேகத்தில் வண்டியால் எதையும் மறைக்க முடியாது. யோக்கை மட்டும் திருப்பினால் மூக்கு எதிர்ப்பக்கம் ஓடுவது கண்ணுக்கு நேராகத் தெரியும். சார் பந்தை ஒரு காகிதத்தால் மூடிவிட்டு, உட்காருகிற இடத்தில் உணரச் சொல்வார், பஸ் வளைவில் திரும்பும்போது பக்கத்து ஆள் மேல் சாய்கிறோமே அந்த உணர்வு. பத்து மணி நேரம் காசு கட்டிச் சர்க்யூட் (ஏறி, ரன்வேயைச் சுற்றி வந்து இறங்குவது) அடிப்பதைவிட இதில் இரண்டு மணி நேரம் போடுங்கள் என்பேன்.

ட்ரிம் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த வண்டிக்குத் துரோகம். இரண்டு சீட்டுக்கு நடுவில், கீழே, ஒரு சொரசொரப்பான சக்கரம். மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டரின் பின்விளிம்பில் ஒட்டிய சின்னத் தகட்டை அது அசைக்கும், அந்தத் தகடு எலிவேட்டரைப் பிடித்து வைக்கும், நம் கை ஓய்வெடுக்கும். முதல் நாட்களில் நான் இதைத் தொடாமல் யோக்கோடு மல்லுக்கட்டி, இறங்கும்போது இடது கை மரத்துப்போயிருக்கும். ட்ரிம்மின் அழகு, அது உயரத்தைப் பிடிப்பதில்லை, வேகத்தைப் பிடிக்கிறது. 90 நாட்டுக்கு ட்ரிம் செய்துவிட்டுக் கையை எடுங்கள். பவரைக் குறைத்தால் மூக்கு தானாக இறங்கி, கொஞ்சம் மேலும் கீழும் ஊஞ்சலாடி, 90-க்குப் பக்கத்திலேயே வந்து நின்று இறங்க ஆரம்பிக்கும். பவரைக் கூட்டினால் அதே 90-இல் ஏறும். யோக்கை இழுத்தால் மேலே போகும் என்று நினைத்துக்கொண்டு வருகிற எல்லாருக்கும் இது ஒரு அதிர்ச்சி. இழுப்பது கோணத்தையும் வேகத்தையும் மாற்றுகிறது, தொடர்ந்து மேலே ஏற்றுவது பவர். ரன்வேயை எட்டாது போலிருக்கிறதே என்று பவர் கொடுக்காமல் இழுத்துக்கொண்டே போகிறவர்கள், ரன்வேக்கு முன்னாடியே இறங்கிவிடுவார்கள்.

ட்ரிம்முக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு நாள் காலை, ஃபைனலில் (ரன்வேக்கு நேராக இறங்கி வரும் கடைசிப் பாதை), ஃபிளாப் முழு 30 டிகிரி, 65 நாட்டுக்குக் கையை விட்டாலும் நிற்கிற மாதிரி அழகாக ட்ரிம் செய்து வந்துகொண்டிருந்தேன். ரன்வேயில் ஒரு நீல்காய் மான், மாடு அளவுக்கு, குறுக்கே நின்று எங்களையே பார்க்கிறது. முழு பவர் கொடுத்தேன். மூக்கு அப்படியே வானத்துக்குப் போனது. ட்ரிம் மெதுவான வேகத்துக்குத் தூக்கி வைத்திருக்கிறது, 180 குதிரைச் சக்தி இன்ஜின் வால் மேல் காற்றை வாரி அடிக்கிறது, இரண்டும் சேர்ந்து யோக்கை என் மார்பை நோக்கித் தள்ளுகின்றன. இரண்டு கையாலும் முன்னால் அமுக்கினேன், சத்தியமாக அரிசி மூட்டையைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. ஹாரன் வேறு அழுகிறது. மூக்கு அடங்கியதும் ஃபிளாப்பை 20-க்கு எடுத்து, 60 நாட் வந்த பிறகு மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். எல்லா ஃபிளாப்பையும் ஒரேயடியாக எடுத்திருந்தால் தூக்கு விசை போய் அந்த நீல்காய் மேலேயே உட்கார்ந்திருப்போம். இந்தத் தடவை வலது கால் தானாகப் போயிருந்தது, சார் ஒன்றும் சொல்லவில்லை, பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இறங்குவது சுலபம், வேகத்தைச் சரியாகக் கொண்டுவந்தால். 65-க்குப் பதில் 75-இல் வந்தால் பத்து நாட்தானே என்று தோன்றும், ஆனால் ஆற்றலும் வர்க்கக் கணக்கு என்பதால் அது மூன்றில் ஒரு பங்கு அதிகம், அத்தனையும் கரையும்வரை ரன்வே மேல் மிதந்துகொண்டே போகும். பொறுமையில்லாமல் மூக்கைக் குத்தி இறக்கினால் முன் சக்கரம் முதலில் பட்டுத் தவளை மாதிரி குதிக்கும், இந்த வகை விமானங்களில் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகடு நெளிவது பெரும்பாலும் இப்படித்தான். பக்கவாட்டுக் காற்று 15 நாட்வரை சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஃபிளாப் 20-க்கு மேல் இருக்கும்போது பக்கவாட்டில் ரொம்பச் சறுக்காதே, எலிவேட்டர் லேசாகத் துடிக்கலாம் என்று கையேட்டில் ஒரு வரி இருக்கிறது, தேர்வாளர்களுக்கு அந்த வரி மேல் தனிப் பாசம்.

நம் ஊர் வெயிலுக்கு இந்த வண்டி எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. எங்கள் ரன்வே கடல்மட்டத்துக்கு 1500 அடி மேலே. அந்த உயரத்துக்கு உரிய வெப்பநிலை 12 டிகிரி, மே மாத மதியம் 40. வித்தியாசம் 28, டிகிரிக்கு 120 அடி வீதம் பெருக்கினால் 3360. ஆக, காற்றழுத்தம் சாதாரணமாக இருந்தாலே, விமானத்துக்கு அது ஏறக்குறைய 4900 அடி உயர மலையூர். இறக்கைக்கும் காற்று போதாது, இன்ஜினுக்கும் போதாது, ப்ரொபெல்லருக்கும் போதாது. கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 730 அடி ஏறும் என்று கையேடு சொல்லும், நாங்கள் மதியத்தில் 400 பார்த்தாலே கைதட்டுவோம். காலை ஆறு மணி ஸ்லாட்டுக்கு எங்கள் பள்ளியில் நடந்த சண்டையும் சிபாரிசும் தனிக் கட்டுரை, அதை எழுதினால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்புறம் நான்கு சீட் இருக்கிறதே என்று நான்கு பேர் ஏறக் கூடாது. அதிகபட்ச எடை 1157 கிலோ, வெறும் வண்டி 770 பக்கம், டேங்க் நிறைய எரிபொருள் 144. மிச்சம் 240 சொச்சம், நம் வீட்டு ஆட்கள் மூன்று பேருக்கும் ஒரு பைக்கும்தான் தாங்கும்.

மற்ற வண்டிகளோடு ஒப்பிட்டால்: 152 சின்னது, 110 குதிரைச் சக்தி, இரண்டு பேர் உட்கார்ந்தால் தோளோடு தோள் உரசும், ஆனால் உங்கள் காலில் இருக்கும் தப்பை உடனே காட்டிக்கொடுக்கும். பைப்பர் பிஏ 28-இல் இறக்கை கீழே, திரும்பும்போது வழி நன்றாகத் தெரியும், வாலில் முழுத் தகடும் அசையும், ரன்வே மேல் இன்னும் கொஞ்சம் மிதக்கும். நான் அதில் பயணியாக மட்டும்தான் போயிருக்கிறேன். டைமண்ட் டிஏ40-இல் யோக் இல்லை, ஸ்டிக், கண்ணாடிக் கூண்டு மாதிரி காட்சி, மே மாதத்தில் அதே கண்ணாடி அடுப்பு.

என் பரிந்துரை, முதல் 15 மணி நேரம் 152, அப்புறம் 172. பள்ளியில் 172 மட்டும்தான் என்றால் தாராளமாகச் சேருங்கள், 5-க்கு 4 கொடுக்கிறேன், ஆனால் ஐந்தாவது பாடத்துக்குள் மெதுவாகப் பறக்கும் பயிற்சி வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். இன்னொன்று, ஷூ. நான் முதலில் போட்டுக்கொண்டு போனது அடிப்பாகம் ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள ஸ்போர்ட்ஸ் ஷூ, பெடல் எங்கே இருக்கிறது என்பதே காலுக்குத் தெரியாது. இப்போது போடுவது மெல்லிய வெள்ளை கேன்வாஸ், பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடுக்குச் சாக்பீஸ் தேய்த்துப் போட்டுக்கொண்டு போவோமே, அதே ரகம்.